சிவப்பு வயர்

எங்கள் ஊரில் சிவப்பு என்றால் கரண்ட், கறுப்பு என்றால் நியூட்ரல், பச்சை என்றால் எர்த். இது தெரியாதவன் ஸ்க்ரூடிரைவரைத் தொடக்கூடாது என்று நானே பலரிடம் அலட்டியிருக்கிறேன். எலக்ட்ரிகல் படித்துவிட்டு ஜெர்மனிக்கு வந்து எர்லாங்கனில் சைக்கிள் மிதித்து வேலைக்குப் போகிறவன் நான். தலைக்கனத்துக்குக் கேட்கவா வேண்டும்.

என் சிநேகிதன் யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கேயே பிறந்து வளர்ந்தவன். டவுன் பஸ் ஓட்டுகிறான், இரண்டு தெரு தள்ளி வீடு. எங்களைச் சேர்த்து வைத்தது பியர். கடை கடையாக அடுக்கி வைத்திருக்கிற ஊரில் வீட்டில் எதுக்குக் காய்ச்சுறீங்க என்று என் மனைவி கேட்பாள். சனிக்கிழமை காலையில் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, வெந்நீரில் ஊறப்போட்டு, ஒரு மணி நேரம் அறுபத்தேழு டிகிரியிலேயே வைத்திருப்போம். தெர்மாமீட்டர் இருந்தது. அவன் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டான். பானையின் வயிற்றில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்து எடுப்பான். "அறுபத்தேழு, மச்சான்." போய்ப் பார்த்தால் அறுபத்தேழேதான். எனக்கு எரிச்சலாக வரும். அந்தக் கையை நான் எவ்வளவு கிண்டல் பண்ணியிருப்பேன்.

வீட்டுக்கு அடியில் இருந்த கெல்லரில் கேஸ் அடுப்பு வைக்கக்கூடாது என்று வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். சரி என்று பானைக்குள் கரண்ட் ஹீட்டர் பொருத்தி, பானையை ஒழுங்காக எர்த்தும் செய்தேன். வயர்தான் சுவர் வரைக்கும் எட்டவில்லை. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன பழைய எக்ஸ்டென்ஷன் கேபிள் ஒன்று மூலையில் கிடந்தது, பிளக் மட்டும் உடைந்திருந்தது. புது பிளக் மாட்டலாம் என்று வெட்டினால் உள்ளே சிவப்பு, கறுப்பு, சாம்பல். சிவப்பு கரண்ட். கறுப்பு நியூட்ரல். மிச்சமிருக்கிற சாம்பல் எர்த். ஐந்து நிமிஷ வேலை.

"ஒருக்கா டெஸ்டர் வைச்சுப் பாரன், மச்சான்" என்றான். டெஸ்டர் மாடியில் இருந்தது.

"நீ பஸ்ஸை ஓட்டு, கரண்டை என்கிட்ட விடு" என்றேன்.

பத்து நிமிஷம் ஆகியும் தண்ணீரில் ஒரு அசைவும் இல்லை. "சுடேல்லை போல" என்று சொல்லிக்கொண்டே வழக்கம்போல உள்ளங்கையை வைத்தான். எடுக்கவில்லை. எடுக்க முடியவில்லை என்று எனக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. பிளக்கைப் பிடுங்கினேன். ஈரத் தரையில் விழுந்தான்.

பிழைத்துக்கொண்டான். இரண்டு நாள் ஆஸ்பத்திரி, உள்ளங்கையில் தீக்காயம். அங்கே வெளியே உட்கார்ந்திருந்தபோதுதான் போனில் தேடிப் படித்தேன். ஜெர்மனியின் பழைய கேபிள்களில் சிவப்புதான் எர்த். ஹீட்டருக்குப் போகவேண்டிய கரண்டை நான் நேராகப் பானையின் உடம்புக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால்தான் தண்ணீர் சுடவில்லை. சுடாததால்தான் அவன் தொட்டுப் பார்த்தான். என் கையை வெட்டிப்போட்டால் தேவலை என்றிருந்தது.

"விடு மச்சான், தெரியாமல் நடந்ததுதானே" என்றான். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் பாவி. அதற்குப் பிறகு சனிக்கிழமையானால் டியூட்டி என்றான். எல்லாச் சனிக்கிழமையும் ஒருத்தனுக்கே டியூட்டி போடுகிற பஸ் கம்பெனி உலகத்தில் எங்கே இருக்கிறது?

அவன் திரும்பி வரவேண்டும், அதற்காகவே மறுபடி கட்டினேன். எல்லாம் புது கேபிள். பச்சையும் மஞ்சளுமாக எர்த் வயர், பானையில் போல்ட் போட்டு முறுக்கியது. கரண்ட் கொஞ்சம் கசிந்தாலே எல்லாவற்றையும் அணைத்துவிடுகிற சுவிட்ச். லைசென்ஸ் வைத்திருக்கிற எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு, அவர் மீட்டர் வைத்துச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். "வாறன்" என்று பதில் வந்தது. அவன் விழுந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

வந்தான். சுவிட்சைப் பார்த்தான், போல்ட்டைக் குனிந்து பார்த்தான். "வடிவாச் செய்திருக்கிறாய்" என்றான். கெல்லர் முழுக்க மால்ட் வாசனை. அவன் பார்க்கட்டும் என்று நானே பானையைத் தொட்டுக் காட்டினேன். பழைய நினைப்பில், "எவ்வளவு இருக்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேட்டும் தொலைத்தேன்.

ஜாக்கெட் பையிலிருந்து அவன் கை வெளியே வரவில்லை. கழுத்தை மட்டும் நீட்டித் தெர்மாமீட்டரைப் பார்த்தான்.

"அறுபத்தேழு எண்டு காட்டுது, மச்சான்."