எஞ்சின் ஓடுற வரைக்கும்

எங்க எஸ்டேட்டுல படம் போடுறதுன்னா ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோருலதான். அதுக்கு ஒரே கதவு. பனி உள்ள வராம அதையும் சாத்திருவாக. போடியிலருந்து ஜீப்புல மெஷினும் படப்பெட்டியும் வரும், கூடவே பிள்ளைகளுக்குக் குடுக்க நாலு தாரு வாழைப்பழம். மலையில அப்போ கரண்டு ஏது? ஸ்டோருக்குப் பின்னால தகரக் கொட்டாயில ஒரு கிழட்டு எஞ்சின் ஓடும், சன்னல் வழியா வயரு உள்ள வரும். அடிக்கடி கைப்பிடியைத் திருகிக்கிட்டே இருக்கணும், இல்லாட்டி வெளிச்சம் மங்கிரும். அந்தச் சோலி எங்க வீட்டுக்காரருக்கு. ஸ்டோருல போட்ட ஒரு படத்தையும் அவுக பாத்ததில்ல, பாவம்.

எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். ராசிங்காபுரத்துலருந்து மலைக்கு வந்த மொத வாரமே, பக்கத்து லயத்துல, கூலிக்காரக வீட்டு வரிசைக் கூரையை யானை பிச்சுப் போட்டதைப் பாத்தேன். அதுலருந்து எல அசைஞ்சாக்கூட உள்ள ஓடிக் கதவைச் சாத்திருவேன்.

அன்னைக்குப் போட்டது ஒரு குடும்பப் படம். கல்யாணத்துக்கு முன்னாடியே போடி கொட்டகையில நான் ரெண்டு தடவை பாத்தது. படத்துல கல்யாண ஊர்வலம் வந்துச்சு. நாதசுரமும் மேளமும் காதைப் பிளக்குது. அந்த நேரத்துல யானை பிளிறுச்சு.

சனம் பூராவும் சிரிச்சுச்சு. பக்கத்துல இருந்த அக்கா, "ஆத்தாடி, பெரிய எடத்துக் கல்யாணம் போல! யானையெல்லாம் கொண்டாந்துட்டாக"ன்னு என் தொடையில தட்டுனா.

 அந்தப் படத்துல யானையே கெடையாது.

சத்தம் வந்தது எஞ்சின் பக்கமிருந்து. படம் முடிஞ்சு குடுக்கலாம்னு வாழைத்தாரை எஞ்சின் கொட்டாய்கிட்ட நின்ன ஜீப்புலயே விட்டிருந்தது அப்பத்தான் நெனப்புக்கு வந்துச்சு. கத்துனா அம்புட்டுச் சனமும் பிள்ளைகுட்டியோட அந்த ஒத்தைக் கதவுக்குப் பாயும். கதவைத் தொறந்து வெளிய போனா யானை. கத்தலைன்னா அவுக ஒத்தையில.

திரையையே பாத்தேன். வெளிச்சம் இருந்தா அவுக கைப்பிடியைத் திருகுறாக, உசுரோட இருக்காகன்னு அர்த்தம். மாரியாத்தா, இந்த வெளிச்சத்தை மட்டும் நிப்பாட்டிராதன்னு வேண்டிக்கிட்டேன். கண்ணுலருந்து தண்ணி வழியுது. அக்கா என்னைப் பாத்து, "சந்தோசமா கல்யாணம் நடக்குது, இதுக்குப் போயி அழுகுறவளே!"ன்னு சிரிச்சா.

திடீர்னு திரை மங்குச்சு. பொண்ணு மாப்ள மொகமெல்லாம் இருட்டிப் போச்சு. "ஏய், எஞ்சினு! தூங்கிட்டியாடா?"ன்னு சீட்டியடிச்சாக. நான் தாலியைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டேன். செத்தேன்னே நெனச்சேன். எம்புட்டு நேரமோ தெரியல, மெதுவா வெளிச்சம் ஏறுச்சு.

படம் முடிஞ்சு கதவைத் தொறந்தாக. நான்தான் மொத ஆளா ஓடுனேன். ஜீப்பு ஒருச்சாஞ்சு கெடக்கு, வாழைத்தாருல வெறுங்காம்புதான் மிச்சம், யானை தின்னுட்டுப் போயிருந்துச்சு. அவுக எஞ்சின் பக்கத்துல குத்தவச்சு இருந்தாக. கைப்பிடியை விட அவுகளுக்கு வரல. வெரலு ஒவ்வொண்ணா நான்தான் பிரிச்செடுத்தேன்.

லயத்துக்கு நடக்குற வழியெல்லாம் ஒரே புகழ்ச்சி. "எஞ்சினை நிப்பாட்டியிருந்தா நாமெல்லாம் வெளிய வந்து மாட்டியிருப்போம். மூளைக்காரன்யா!" இந்தப் படத்துல யானை இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்னு ஒளறிட்டேனா, எனக்கும் தைரியக்காரின்னு பட்டம் கட்டுனாக.

வீட்டுக்குள்ள வந்து கதவைச் சாத்துனதும் அவுக உக்காந்துட்டாக. "ஏ புள்ள, நான் எங்க யோசிச்சேன்? ஓடத்தான் பாத்தேன், காலு ரெண்டும் வரல. கை பழக்கத்துல அதுபாட்டுக்குத் திருகுச்சு."

"நானும் கத்தத்தாங்க பாத்தேன். வாயைத் தொறந்தேன், சத்தம் வரல"ன்னேன்.

"கத்தியிருந்தா?"ன்னு கேட்டாக.

 அவுக விளக்கை அணைக்கப் போனாக. கையைப் புடிச்சுக்கிட்டேன். விடியுற வரைக்கும் அணைக்க விடல.