கரியால் எழுதிய ‘மேல்’

அன்றைக்கு வாய்க்கால் கரையில் நின்றவர்கள் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞானமுத்து ஐயா. அவர் மனைவி எஸ்தரம்மா, கையில் தாழங்குடையோடு. எஞ்சினீயர் துரை, அவர் பெயர் என் வாயில் நுழையாது, அதனால் எழுதவில்லை. ஆபீஸ் குமாஸ்தா ஆவுடையப்ப பிள்ளை. கொத்தன் சுடலைமுத்து, என் மகளைக் கட்டியவர். மணல் மூட்டை சுமந்த எட்டுப் பேர், எல்லாரும் பேட்டை ஆட்கள். பிறகு சித்தாள் நான். பதினோரு வருஷம் ஆகிவிட்டது. யார் எங்கே நின்றார், யார் முதலில் சிரித்தார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

போன புதன்கிழமை நான் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். மோர்க்காரி கூடையை இறக்காமலே, “பாளையங்கோட்டையில படம் வரையுத ஐயா போயிட்டாராம்லா, ஒனக்குத் தெரியாதா?” என்றாள். கரைத்த சுண்ணாம்பு தெளிந்து அடியில் தங்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவர் முகம் இல்லை. மேலே எழுதிய பெயர்கள்தான் வந்தன.

அடக்கத்துக்குப் போனேன். ஆவுடையப்ப பிள்ளை எல்லாருக்கும் முன்னால் வந்து தலைமாட்டில் நின்றார். நான் அவருக்கு முகம் கொடுக்கவில்லை. ஐயாவின் பக்தியைப் போதகர் சொன்னார், பொறுமையைச் சொன்னார். ஐயா வார்த்த சிமெண்டு உத்தரங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டேன். போதகர் சொல்லாததை நான் எழுதுகிறேன். எழுத்து எஸ்தரம்மா எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக் கொடுத்தது. பிழை இருந்தால் என்னுடையது.

ஐயாவுக்கு எஞ்சினீயர் ஆபீசில் படம் வரைகிற வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டுப் பின்கட்டில் சிமெண்டு உத்தரம் வார்ப்பார். அதற்குச் சித்தாள் நான். தூத்துக்குடியில் கப்பலில் வந்து இறங்கும் சிமெண்டு, பீப்பாயில் இருக்கும். அதோடு ஆற்றுமணலும் சல்லியும் கலந்து பலகைப் பெட்டியில் கொட்டி, உள்ளே இரும்புக் கம்பி வைப்போம். நாள்கணக்கில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வைப்போம். காய்ந்ததும் இரண்டு கல்லின் மேல் தூக்கி வைத்து, உடையும்வரை மணல் மூட்டை ஏற்றுவோம். கஷ்டப்பட்டுச் செய்ததை உடைக்கிற மனுஷரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. “செஞ்சு செஞ்சு ஒடைக்கதுக்கு ஏன்யா செய்யணும்?” என்று கேட்டேன். “ஒடஞ்சாத்தானே இசக்கி அது எதுக்கு ஒடஞ்சுதுன்னு தெரியும்” என்றார்.

என் கண் கூர்மை என்று அவர்தான் கண்டுபிடித்தார். உத்தரத்துக்கு வெள்ளையடித்து வைப்போம், மயிரிழை விரிசல் விட்டாலும் வெள்ளையில் கறுப்பாகத் தெரியும் என்பதற்காக. நான் குனிந்து அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். “இங்கன ஒண்ணு ஐயா” என்றதும், எத்தனை மூட்டைக்கு எங்கே விட்டது என்று நோட்டில் எழுதுவார். “பாரம் மேல இருக்கு, வலி கீழ இருக்கு. கீழ பாரு” என்பார். சிமெண்டுக் கல் நசுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. பாரம் ஏறும்போது உத்தரத்தின் வயிறு இழுபடும். கம்பி அந்த வயிற்றில் இருக்க வேண்டும்.

இதை அவர் வாயால் சொல்லி நான் நம்பவில்லை. ஒருநாள் ஒரே அளவில் இரண்டு உத்தரம் வைத்தார். ஒன்றில் கம்பி கீழே, இன்னொன்றில் வேண்டுமென்றே கம்பி மேலே. கீழே இருந்தது மூட்டை மூட்டையாக வாங்கிக்கொண்டு, விரிசல் விட்டு, தொய்ந்து, அப்புறமும் நின்றது. மேலே இருந்தது நாலாவது மூட்டைக்கே பட்டென்று இரண்டாகிவிட்டது. “பாத்தியா? நல்ல உத்தரம் போறதுக்கு முன்னால சொல்லும். தலைகீழா வச்சது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்” என்றார். இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், அன்றைக்கு வாய்க்கால் கரையில் நின்றவர்களில் ஐயாவை விட்டால் இது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான்.

வாய்க்கால் குறுக்கே உத்தரம் போட்டு நடைபாலம் கட்டுவதாகத் திட்டம். முதல் உத்தரத்தின் மேல் துரை முன்னால் மூட்டை ஏற்றிக் காட்ட வேண்டும். அது தாங்கினால் ஐயாவைச் சென்னைக்கு அனுப்பி, மிஷின் வைத்து இதே சோதனையைச் செய்ய விடுவதாகத் துரை சொல்லியிருந்தார். எஸ்தரம்மா பெட்டிகூடக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

உத்தரத்தை வண்டியில் கொண்டுவந்து கரையில் கிடத்தியிருந்தார்கள். மேல்பக்கத்தில் ஐயா கரியால் ‘மேல்’ என்று எழுதியிருந்தார். அந்த எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓரம் வண்டியில் இடித்துக் கொஞ்சம் மூளியாகியிருந்தது. விடிந்ததும் நான்தான் முதலில் வந்தேன். வாசல் நிலை வைக்கிறபோது கழுவி மஞ்சள் பூசுகிற வழக்கம் எங்களுக்கு. ஐயா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், இதையெல்லாம் கேட்க மாட்டார். ஆனாலும் ஊருக்காக அவர் வைக்கிற முதல் உத்தரம், வெறுமையாகவா வைப்பது? வாய்க்கால் தண்ணீரை மொண்டு கழுவி, நாலு பக்கமும் மஞ்சள் பூசினேன். கரி எழுத்து போய்விட்டது. போனது எனக்குத் தெரியும். எனக்கு எதுவும் மறக்காது, மூளிதான் அடையாளம் இருக்கிறதே என்று நினைத்தேன். குங்குமம் எடுக்க வீட்டுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது ஆட்கள் உத்தரத்தைப் புரட்டி, கயிறு கட்டி, வாய்க்கால் மேலே ஏற்றியிருந்தார்கள். மூளி கீழே இருந்தது.

“மாப்பிளே, மூளி கீழ போயிட்டு. அது மேல வரணும்” என்றேன் சுடலைமுத்துவிடம்.

“கல்லுக்கு ஏது அத்தை வயிறும் முதுகும்? ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.”

“ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

“சும்மா இரிங்க அத்தை. அந்தா துரை வாராரு. இப்பப் போயி எறக்கச் சொன்னா என் வேலை போயிரும்.”

மகளுக்கு அப்போது வயிற்றில் எட்டு மாசம். நான் சும்மா இருந்தேன்.

ஐயா புது வேட்டி கட்டி வந்தார். மஞ்சளைப் பார்த்துச் சிரித்து, “என் உத்தரத்துக்குக் கல்யாணமா இசக்கி?” என்றார். மூட்டை ஏற்றத் தொடங்கினார்கள். என்னை அடிப்பக்கம் பார்க்கச் சொன்னார். நான் குனியவில்லை. பார்க்க ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது மூட்டை வைத்ததும் உத்தரம் இரண்டாகித் தண்ணீரில் விழுந்தது. ஆவுடையப்ப பிள்ளைதான் முதலில் சிரித்தார். “என்னவே ஞானமுத்து, உம்ம கல்லு குப்புறப் படுத்துட்டுல்லா!” துரை சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குதிரை ஏறினார். சிரித்திருந்தால்கூடத் தேவலை.

ஐயா புது வேட்டியோடு தண்ணீரில் இறங்கி, உடைந்த முனையில் கம்பி எந்தப் பக்கம் என்று கையால் தடவிப் பார்த்தார். பிறகு கரையைப் பார்த்து, “சுடலைமுத்து, குறி எந்தப் பக்கம் இருந்துது?” என்றார்.

“நீங்க மேல்னு எழுதின பக்கத்தத்தான் ஐயா மேல வச்சேன்.”

“அப்போ நான் மாத்தி எழுதிட்டனா?” என்னிடம் திரும்பினார். “இசக்கி, நீதான கழுவின? எழுத்து எந்தப் பக்கம் இருந்துது? உனக்குத்தான் எல்லாம் நெனவு இருக்குமே.”

“நெனவு இல்லையே ஐயா” என்றேன்.

என் ஆயுளில் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். அவர் அதை நம்பினார். இவளுக்கே நினைவில்லை என்றால் என் கைதான் பிசகியிருக்கும் என்று எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு பின்கட்டில் உத்தரம் வார்க்கவில்லை. பலகைப் பெட்டிகள் அடுப்புக்குப் போயின. ஆபீசில் ஒரு படத்தை மூன்று தடவை சரிபார்ப்பாராம். நாலு மூலையிலும் மேல், கீழ் என்று எழுதுவாராம். ‘தலைகீழ் ஐயா’ என்று ஆவுடையப்ப பிள்ளை வைத்த பெயர் ஆபீசில் கடைசிவரை நிலைத்தது. வெளியூர் பாலங்களுக்கு இதே மாதிரி உத்தரம் போடுகிறார்கள் என்று பேப்பரில் படித்தால், மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று எஸ்தரம்மா சொன்னார்கள்.

மாப்பிள்ளை இரண்டு வருஷத்தில் கொழும்புக்குப் போய்விட்டார். மகளும் பிள்ளையும் கூடப் போனார்கள். இனி யார் வேலையும் போகாது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசல்வரை எத்தனையோ தடவை போனேன். போன ஐப்பசியில் அவர் படுக்கையில் கிடந்தபோதும் போனேன். வலது கையை மார்பின் மேல் வைத்திருந்தார். “இந்தக் கைதான் இசக்கி. வேற யாரையும் குத்தம் சொல்லதுக்கு இல்ல” என்றார். கஞ்சி குடித்தீர்களா ஐயா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

எஸ்தரம்மா, இதை நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஐயா ‘மேல்’ என்று எழுதியது சரியான பக்கம். அவர் கை பிசகவில்லை. அவரை அறிந்த மற்றவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆபீசில் இருப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

மறுநாள் வாய்க்காலில் இறங்கி அந்த மூளி ஓரத்திலிருந்து ஒரு துண்டைத் தேடி எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை அளவு இருக்கும். ஒரு பக்கத்தில் மஞ்சள் இன்னும் ஒட்டியிருக்கிறது. அது என்னிடம் இருக்கிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் உத்தரத்தின் அடிப்பக்கத்தை அண்ணாந்து பார்க்கிற பழக்கமும் இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த இரண்டும்தான்.

ஆவுடையப்ப பிள்ளையின் சிரிப்பை மறக்கமாட்டேன், ஆனால் அவருக்கு விஷயம் தெரியாது. துரைக்கும் தெரியாது. மாப்பிள்ளை தெரியாமல் வைத்தார், பயந்து பொய் சொன்னார், போகட்டும், விட்டுவிட்டேன். தெரிந்தும் வாயைத் திறக்காத ஆள் ஒன்று அந்தக் கரையில் நின்றது. அந்த ஆளை மட்டும் நான் மன்னிக்கமாட்டேன். பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன்.

சித்தாள் இசக்கியம்மாள்
பேட்டை