முனியப்பன் படகில் இரண்டு மரப்பெட்டிகள்

சென்ற வாரம் பரணைத் துப்புரவு செய்தபோது பழைய ஸ்பீக்கர்ப் பெட்டி ஒன்று கைக்கு வந்தது. உள்ளிருந்த பாகங்கள் எப்போதோ கழன்றுபோய், வெறும் மரக்கூடு. "இதுல என்னாத்துக்கு மீன் நாத்தம் அடிக்குது?" என்று மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள். எனக்கோ மீனோடு டீசலும் மணந்தது.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் ஏரியூரில் குடியிருந்தேன். ஆசிரியராகச் சேர்ந்திருந்த பள்ளி அக்கரையில் இருந்தது. நாள்தோறும் நாகமரைத் துறையிலிருந்து மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பை முனியப்பனின் டீசல் படகில் கடப்பேன். முதல் சில மாத ஊதியத்தைச் சேர்த்து நான் வாங்கிய பாட்டுக் கருவி ஒரு கோடை இடியில் கருகிவிட்டது. ஸ்பீக்கர்கள் மட்டும் பிழைத்தன. முனியப்பனிடமோ, விற்றுவிட்ட வாடகைக் காரிலிருந்து கழற்றி வைத்த கேசட் ஸ்டீரியோ இருந்தது, ஸ்பீக்கர் இல்லை. அரைகுறையான இரண்டையும் சேர்த்து முழுமையாக்கும் பொறுப்பை யாரும் கேளாமலே நான் ஏற்றுக்கொண்டேன்.

மின்சாரத்தைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் பழுதான ஒரு டார்ச் விளக்கு கற்பித்ததுதான். கம்பியை மிச்சப்படுத்தும் எண்ணத்தில், இரு ஸ்பீக்கர்களின் கறுப்புக் கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிப் படகின் இரும்புச் சட்டத்தில் கட்டப் போனேன். அன்று பயணியாக வந்திருந்த, பென்னாகரத்தில் ரேடியோ பழுதுபார்க்கும் பாய் ஒருவர் பதறி எழுந்தார். "சார், சார்! இது கார் செட்டு. ரெண்டு கறுப்பும் தனித்தனியாப் போவணும். சேத்துக் கட்டுனா பாட்டு வராது, பொகைதான் வரும்!" அவர் சொன்னபடியே இணைத்து, பெட்டிகள் நனையாதிருக்க உரமூட்டைப் பாலிதீனைச் சுற்றி, பலகைக்கு அடியில் கட்டினோம். எஞ்சினின் பேட்டரியே கருவிக்கும் உயிர் கொடுத்தது.

பாட்டு வந்தது. ஆனால், அறைக்கென்று செய்த ஸ்பீக்கர்கள் அவை. சுவரே இல்லாத வெளியில் அவற்றின் குரல் கரைந்துபோயிற்று. "போதுங்களா, வாத்தியாரே?" என்று முனியப்பன் கேட்டார். "இன்னும் கொஞ்சம்" என்று நானே ஒலித் திருகைக் கூட்டினேன்.

அந்த நீர்ப்பரப்பில் எழுதாத முறை ஒன்று உண்டு. நடு நீரில் வலை விரித்தவர், தேய்ந்த ரப்பர்ச் செருப்பை நறுக்கி மிதவையாகக் கோத்திருப்பார். காலை வெயிலின் மினுக்கத்தில் அவை கண்ணுக்குப் புலப்படா. ஆகவே, படகு நெருங்கும்போது பரிசலில் இருந்தபடியே "வலேய்ய்" என்று குரல் கொடுப்பார். உடனே படகுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டு, வந்த வேகத்திலேயே வலையின்மேல் வழுக்கிக் கடந்து, அப்பால் சென்ற பின்பே மீண்டும் இயக்குவார்.

நான் ஒலியைக் கூட்டிய மூன்றாம் நாள் அந்தக் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. எஞ்சின் திணறி நின்றது. படகை உந்தும் நீரடி விசிறியில் சுருண்டு கிடந்தது பாப்பாத்தியக்காவின் நைலான் வலை. தனியாளாகப் பரிசல் தள்ளி மீன்பிடித்துப் பிழைத்தவர்; அவருக்கு இருந்ததே அந்த ஒரு வலைதான்.

பரிசலைப் படகோடு அணைத்து நிறுத்தினார். திட்டவில்லை. என்னைப் பார்த்து, "பாட்டு நல்லா இருந்துச்சுங்களா, வாத்தியாரே?" என்று மட்டும் கேட்டார். நான் குனிந்து பாட்டை நிறுத்தினேன்.

மூன்று வாரம், மாலைதோறும் துறையில் உட்கார்ந்து முனியப்பனும் நானும் அவருடன் வலையைச் சீர்செய்தோம். சீர்செய்தோம் என்று பன்மையில் சொல்வது என் பேராசை. நான் பின்னிய கண்ணிகளை அவர் விரலால் நெருடிப் பார்த்து, "இதுல மீனு கதவத் தொறந்துக்கிட்டு வூட்டுக்குப் போயிரும்ங்க" என்று பிரித்துப் போடுவார். அந்த நாள்களில் அவர் வீட்டு அடுப்புக்கு மீன் இல்லை. முனியப்பன் தம் வீட்டிலிருந்து கொண்டுவந்த களியை மூவரும் பகிர்ந்துண்டோம்.

வலை மீண்டும் நீரில் இறங்கிய நாள் முதல், அந்த இடம் நெருங்கினாலே முனியப்பன் பாட்டை நிறுத்திவிடுவார். பல்லவி முடிந்ததா என்றுகூடப் பார்க்கமாட்டார். பயணிகள் முணுமுணுத்தார்கள்; "இஷ்டம் இல்லாதவங்க நீந்தி வாங்க" என்றார்.

ஒருநாள் வழக்கம்போல் குரல் வந்தது, எஞ்சினும் நின்றது. படகு வலையைக் கடந்து தளர்ந்தபோது பாப்பாத்தியக்கா பரிசலில் எழுந்து நின்றார்.

"ஏப்பா முனியப்பா! தெனமும் அந்தப் பாட்டப் பாதியில அறுத்துப்புடற. கடைசியில அதுல பாடுற புள்ள என்னாதான் சொல்லுது?"

முனியப்பன் என்னைப் பார்த்தார். பிறகு எஞ்சினை இயக்காமலே பாட்டைப் போட்டார். படகும் பரிசலும் அருகருகே மிதந்தன. பாப்பாத்தியக்கா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கடைசி அடி வரைக்கும் கேட்டார். "இவ்ளோதானா?" என்று சிரித்தார். அன்று பள்ளிக்கு நான் தாமதமாகச் சென்றேன். தலைமையாசிரியரிடம் எஞ்சின் கோளாறு என்று சொல்லிவைத்தேன். பிறகு வாரத்தில் ஒரு நாளாவது அந்தக் கோளாறு ஏற்பட்டது.

அண்மையில் அத்துறையில் மறுபடி படகேறினேன். முனியப்பனும் இல்லை, பாப்பாத்தியக்காவும் இல்லை. பயணிகள் காதில் ஆளுக்கொரு இயர்போன், ஆளுக்கொரு பாட்டு. வலைகள் எங்கே என்று இளம் படகோட்டியிடம் கேட்டேன். "எங்க உட்டுருக்காங்கன்னு காலையிலயே போன்ல சொல்லிடுவாங்க சார். சுத்திப் போயிடுவோம்" என்றார். நல்ல ஏற்பாடு, இப்போது எவர் வலையும் அறுவதில்லை. நடு நீரில் எவருக்காகவும் படகு நிற்பதுமில்லை.