சுவரோடு சுவராக நின்ற அஞ்சலாட்சி

அஞ்சலாட்சி அக்கா இறந்துபோன செய்தி எனக்கு எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவின் வாட்ஸ்அப்பில் வந்தது. காலையில் பள்ளிக்குப் போக பஸ்ஸுக்காக நின்றபோது கைபேசியை எடுத்துப் பார்த்தேன். அக்காவின் படம், சுற்றிலும் மலர் வளையம். கீழே, "நம் ஆலயத்தின் வரலாற்றை உலகறியச் செய்த பேரறிஞர் சிவனடி சேர்ந்தார்" என்று போட்டிருந்தார்கள். அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அழுகை வருவதற்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை எழுதும் இந்த நேரம்வரை அது தணியவில்லை. அக்காவை அறிந்தவர்கள் படிப்பீர்கள் என்பதால் தணித்துக்கொள்ளாமலேயே எழுதுகிறேன்.

அக்கா காரைக்கால் கடற்கரையில் இருக்கும் கருக்களாச்சேரிக்காரர். அப்பாவும் தம்பி வேலவனும் கடலுக்குப் போனவர்கள். அம்மா கூடையில் மீன் விற்றவர். அந்த வீட்டிலிருந்து வரலாறு படித்து அரசுப் பள்ளி ஆசிரியையானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அதே பள்ளியில் வேதியியல் ஆசிரியை. என் ஊர் அம்பகரத்தூர் பக்கம், நெல் விளையும் பூமி. எங்கள் சிவன் கோயிலைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டார். பிறந்ததிலிருந்து சுற்றி வந்த கோயில்தானே, பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அழைத்துப் போனேன்.

கருவறையின் தென்புறச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்தவர் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. கோலமாவைத் தண்ணீரில் கரைத்துக் கல்லில் தடவினார். இருட்டாக இருந்த சுவரில் வெள்ளை வெள்ளையாக எழுத்துகள் எழுந்தன. நான் அவற்றைச் சுவரின் சொரசொரப்பு என்று நினைத்திருந்தேன். சோழர் காலத்தில் கடற்கரையில் வாழ்ந்த ஒரு பெண், கருவறையில் விளக்கு அணையாமல் எரிவதற்காகக் கொடை கொடுத்திருக்கிறாள். அதுதான் அந்தக் கல்வெட்டு. மாசி மகத்துக்கு எங்கள் சாமி கடலாடப் போகும்போது கரையில் இருப்பவர்கள் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அந்தப் பழக்கத்தைக் கோயில் நிர்வாகத்தினர் சில வருடங்களுக்கு முன்பு நிறுத்திவிட்டிருந்தார்கள். கருவறைக்கு நாங்களே எண்ணெய் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"ராஜா கட்டுன கோயிலுன்னு சொல்லி முடிச்சுடுறீங்க சுமதி. ராஜா கல்லு குடுத்தாரு, சரி. எண்ணெ யாரு குடுத்தா? எண்ணெ இல்லாத கோயிலு வெறும் கல்லுதான?" என்றார் அக்கா. கேள்வி கேட்டுவிட்டு நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அவர் வழக்கம். பதில் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

அதற்குப் பிறகுதான் திருப்பணி தொடங்கியது. கும்பாபிஷேகத்துக்குள் கோயிலைப் புதுசாக்கிவிட வேண்டும் என்று குழு துடித்தது. குழுத் தலைவர் எனக்குச் சித்தப்பா முறை. கற்சுவர் முழுவதையும் இயந்திரத்தால் மணல் அடித்துச் சுத்தம் செய்யப்போவதாக அறிவித்தார். அப்படி அடித்தால் கல்லின் மேல்தோல் உரிந்துவிடும், எழுத்து மழுங்கிவிடும் என்று நான் எடுத்துச் சொன்னேன். அக்கா கூட்டத்துக்கே வந்து பேசினார். தண்ணீரும் தேங்காய் நார் பிரஷும் போதும், ஆட்களைக் கூட நானே கூட்டி வருகிறேன் என்று கெஞ்சினார். ஆமாம், கெஞ்சினார். அதை நான் மறக்க மாட்டேன்.

"எத்தனையோ காலத்து அழுக்கும்மா அது. கல்லு பளபளன்னு இருந்தாத்தான சாமிக்கு மதிப்பு?" என்றார் சித்தப்பா.

"அது அழுக்கில்ல ஐயா. எழுத்து."

"எழுத்தப் படிக்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. கும்புட ஊரே வருதுல்ல? கடக்கரையில உங்க ஆளுங்களுக்குன்னு கோயிலு இருக்கு. அங்க போயி ஆராய்ச்சி பண்ணுங்களேன்."

யாரோ சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் படித்தவர்கள் இருந்தார்கள், ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருந்தார்கள். இன்று கும்பிடும் கைகளைப் போட்டிருப்பவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தவர்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அக்கா எழுந்து, "உங்க ஆளுங்க, எங்க ஆளுங்கன்னு அந்தக் கல்லுல எழுதல. அதான் அத அழிக்கணும்னு துடிக்கிறீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள், பள்ளி விடுமுறை நாளொன்றில் இயந்திரம் கோயிலுக்குள் வந்துவிட்டது. நான் தகவல் சொன்னதும் அக்கா ஆட்டோ பிடித்து வந்தார். அதற்குள் வடக்குச் சுவர் முடிந்து, மேற்கும் முடிந்து, தெற்கில் பாதிக்கு வந்திருந்தார்கள். புழுதியில் ஒன்றும் தெரியவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நேராகப் போய், அந்தக் கல்வெட்டின்மேல் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றுவிட்டார்.

இயந்திரம் பிடித்திருந்தவர் வெளியூர்க்காரர். பதறி நிறுத்துவதற்குள் அக்காவின் வலதுகையில் மணல் பட்டுத் தோல் கிழிந்துவிட்டது.

"தள்ளுங்கம்மா, கண்ணு போயிடும்" என்று கத்தினார்.

"போனா என் கண்ணுதாய்யா. இது போனா திரும்ப வராது. நீ நிறுத்து."

சித்தப்பா ஓடிவந்து, "அந்தம்மாவ இழுத்து வெளியில விடுங்கடா" என்றார். நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். எங்களைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை. ஆனால் மிச்சச் சுவரை அடித்துவிட்டுப் போ என்று இயந்திரக்காரரை விரட்டினார்கள். அவர் எங்களுக்கு இரண்டு பக்கமும் அடித்து முடித்து, நாங்கள் நின்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்பிப் போனார். மறுபடி கூப்பிட்டும் அவர் வரவில்லை என்று கேள்விப்பட்டேன். வெளுத்துப்போன சுவரில் இரண்டு பெண்கள் நிற்கும் அகலத்துக்கு மட்டும் கல் கறுப்பாகவே இருந்தது.

திருப்பணியைத் தடுத்ததாகப் போலீசில் புகார் கொடுத்தார்கள். கையில் கட்டோடு அக்கா ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார். அடுத்த கல்வியாண்டில் அவரை ஆந்திராவுக்குள் இருக்கும் ஏனாமுக்கு மாற்றினார்கள். அது தண்டனை என்பது நம் புதுச்சேரி அரசில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். காரைக்காலில் அம்மா படுக்கையில் கிடந்த நேரம் அது. தெலுங்கு பேசும் ஊரில் தனியாக ஒரு அறையில் சமைத்துச் சாப்பிட்டார். அம்மா இறந்தபோது வந்துசேர முடியவில்லை. தம்பி கொள்ளி வைத்த பிறகுதான் வந்தார். அந்த வீட்டு வாசலில் நின்று, "கல்லக் காப்பாத்தப் போயி அம்மாவ விட்டுட்டேன் சுமதி" என்று சொன்னார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். இதையும் அந்தப் பேரறிஞர் பட்டத்துக்குக் கீழே எழுதியிருக்கலாமே?

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய அக்கா முதல் வேலையாகக் கோயிலுக்கு வந்தார். அந்தக் கறுப்புப் பகுதியைக் காணவில்லை. அதன்மேல் பளபளக்கும் கிரானைட் பலகை ஒன்றைப் பதித்திருந்தார்கள். தங்க எழுத்தில் திருப்பணி உபயதாரர்களின் பெயர்கள். முதல் பெயர் சித்தப்பாவுடையது. மழுங்கிய சுவர் எவ்வளவோ இருக்க, அந்த ஓர் இடத்தைத் தேடிப் பதித்திருந்தார்கள். அக்கா பலகையைப் படித்து முடித்துவிட்டு, "இவங்க பேரு நிக்கணும்னு அவ பேர மூடிட்டாங்க பாரு" என்றார். அதன் பிறகு பலகையை எடுக்கச் சொல்லி அவர் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை.

செய்தி வந்த அன்று பள்ளிக்குப் போகாமல் கருக்களாச்சேரிக்குப் போனேன். மதியம் குழுவினர் காரில் வந்து இறங்கினார்கள். சித்தப்பாவின் கையில் சாமிக்குச் சாத்திய மாலை. கூட்டம் வழிவிட்டது. அக்காவின் தம்பி வேலவன் மட்டும் எழுந்து குறுக்கே நின்றார்.

"மாலையப் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. எங்க அக்கா எந்தக் கல்லுக்காக அடிபட்டாங்களோ, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

சித்தப்பா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

"எழவு வீட்டுல இதெல்லாம் எதுக்கு தம்பி..." என்று இழுத்தார் சித்தப்பா.

"எழவு வீட்டுலதான் கேக்கணும். அந்தப் பலகையக் கழட்டுங்க. கழட்டலன்னா மாசி மகத்துக்கு உங்க சாமிய இந்தக் கரையில எறக்க நாங்க வர மாட்டோம். மாலைய எடுத்துக்கிட்டுப் போங்க."

 கூடியிருந்த பெண்களில் ஒருவர், "ஆமா, போங்க" என்றார். இன்னொருவரும் சொன்னார். எடுத்து வந்த மாலையை எடுத்துக்கொண்டே அவர்கள் திரும்பினார்கள்.

காரியம் முடிவதற்குள் பலகையை எடுத்துவிட்டார்கள். மனம் திருந்தினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம்; கரையில் வரவேற்பு இல்லாமல் சாமி திரும்பினால் ஊர் தங்களைக் கேட்கும் என்ற பயம். வேலவனோடு போய்ப் பார்த்தேன். பலகையை மாட்டுவதற்காகக் கல்வெட்டில் துளை போட்டிருந்தார்கள். ஒரு துளை எண்ணெய் என்ற சொல்லின் நடுவில் விழுந்திருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் தப்பியிருந்தது. அக்கா அன்று எனக்கு விரல் வைத்துக் காட்டியபடியே வேலவனுக்கு அதை எழுத்து எழுத்தாகப் படித்துக் காட்டினேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது அக்காவுக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போனப்பறம் தங்கமான பொம்பளன்னு பேசுவானுங்க. தங்கம்னுட்டா அப்பறம் பொட்டியில வச்சுப் பூட்டிடலாம்ல? நீ விட்டுடாத" என்றார்.

விடவில்லை அக்கா. குழு எடுக்கப்போகும் படத்திறப்பு விழாவுக்கு என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். போகப்போகிறேன். உங்கள் அறிவைப் பற்றி அவர்களே பேசிக்கொள்ளட்டும். உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், உங்கள் சண்டை. அந்த மேடையில் ஏறி, கும்பிடும் கைகளைப் போட்ட ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, அன்றைய கூட்டத்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பேன். கேட்டுவிட்டு, உங்களைப் போலவே, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.