போஸ்ட் அக்காவின் சனிக்கிழமைகள்

எங்கள் விளம்பர நிறுவனம் என்பது இரும்புக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஏழு பேர், ஒழுங்காக மூடாத ஒரு கண்ணாடிக் கதவு. வாடிக்கையாளர்களின் பக்கங்களில் பதிவு போடுவதும், கீழே வந்து விழும் வசவுக்கெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இனிக்க இனிக்கப் பதில் எழுதுவதும் ஒரே ஆள். அவளை எல்லோரும் போஸ்ட் அக்கா என்போம். நான் படம் எடுப்பவன், அவளுக்குப் பக்கத்து நாற்காலி.

அக்காவுக்கு அப்பா மட்டும்தான். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், ஊருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். அங்கே பார்க்க விடுவது சனிக்கிழமை மட்டும். எங்களுக்கோ சனிக்கிழமையும் வேலை. லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்.

ஒருநாள் அவர், "பெரிய கம்பெனிங்க நம்மகிட்ட வரணும்னா, நாமளும் ஊருக்கு ஏதோ செய்றோம்னு தெரியணும்" என்றார். அக்கா சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

"எங்கப்பா இருக்கிற இல்லத்துக்கு மாசம் ஒரு சனிக்கிழமை போலாமா சார்?"

"அப்பாவே இருக்காரா? ரொம்ப நல்லது. பார்க்க உண்மையா இருக்கும்."

'பார்க்க' என்றார், கவனியுங்கள்.

வேன் வைத்துப் போனோம். "இனிமே மாசாமாசம் வந்துடுவேன்பா" என்று அக்கா அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னாள். அதற்குள் முதலாளிக்கு மூளை வேலை செய்துவிட்டது. பெரியவர்களை நாலு சட்டை மாற்றச் சொன்னார். ஒரே நாளில் படம் எடுத்து வைத்தால், மாசம் ஒன்றாகப் போட்டு ஒரு வருஷத்துக்கு ஓட்டலாமாம். தாத்தாக்கள் கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டே மாற்றிக்கொண்டு வந்தார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று நானும் இருநூறு படம் எடுத்தேன். எனக்கும் அன்றைக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

அடுத்த மாதம் வேன் கிளம்பவில்லை. அக்கா கேட்டதற்கு, "போஸ்ட் போட்டாச்சுல்ல, அப்புறம் எதுக்குப் போகணும்?" என்றார் முதலாளி.

போஸ்ட் போட்டதும் அக்காதான். 'இன்று எங்கள் பெரியவர்களோடு' என்று அவளே எழுதி, பச்சைச் சட்டை அப்பாவை ஏற்றினாள். அதற்கடுத்த மாதம் கோடு போட்ட சட்டை. இரண்டு முறை லீவு கேட்டாள், கிடைக்கவில்லை. மூன்றாம் முறை கேட்கவில்லை. வேலை போனால் இல்லத்துக்கு யார் பணம் கட்டுவது? அப்பா போனில் எதுவுமே கேட்க மாட்டார். கேட்டிருந்தால்கூடத் தேவலை என்பாள்.

எட்டாவது மாதம் ஒரு பெரிய கம்பெனி வலையில் விழுந்தது. அந்த மேனேஜரம்மா எங்கள் பக்கத்தைப் பார்த்து நெகிழ்ந்துபோய், இல்லத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முதலாளிக்கு வேர்த்து ஊற்றியது. மறுபடியும் வேன்.

மேனேஜரம்மா நேராக அக்காவின் அப்பாவிடமே போனார். "இவங்க மாசாமாசம் வராங்களாய்யா?"

அக்கா தரையைப் பார்த்தாள். இல்லத்துச் சமையல்காரம்மாவின் போனில் எல்லாப் பதிவையும் பார்த்திருந்த பெரியவர் கண் இமைக்காமல் சொன்னார்:

"ஒரு மாசம் தவறினதில்லைம்மா. பொண்ணு வந்தாதான் எனக்குச் சோறே இறங்கும்."

முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேனேஜரம்மாவை அழைத்துக்கொண்டு தோட்டம் காட்டப் போனார். அறையில் நாங்கள் மூன்று பேர்தான்.

"அப்பா, நான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

"விடும்மா. உன் வேலை அப்படி."

அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். தேய்த்து மடித்த சட்டைகளைக் கட்டிலில் வரிசையாக வைத்தார். ஆறு இருந்தன. பிறகு என் கேமராவைப் பார்த்து, போட்டிருந்த சட்டையின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"போன தடவை நாலுதான் இருந்துச்சு தம்பி. போஸ்ட்ல எல்லாமே ரெண்டு தடவை வந்துடுச்சு. இந்தத் தடவை ஆறு இருக்கு. அடுத்த வருஷம் முழுக்கத் தாங்கும்ல?"

அக்கா வெளியே போய்விட்டாள். நான் ஆறு சட்டையிலும் எடுத்தேன்.