பால் டின்னில் விதைத்த மருந்து

எங்கள் மாமா, அம்மாவின் தம்பி, கோலா சாவா பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுக்கு மண்டோர், அதாவது கங்காணி. முப்பது பங்களாதேஷ்காரர்களை மலாய் மொழியில் அதட்டி வேலை வாங்குகிற மனிதர், சிரம்பான் ஆஸ்பத்திரியில் வாய் வழியே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தபோது குழந்தை மாதிரி அழுதாராம். "செத்தாலும் இனிமே அந்தக் கொழா வேணாம்லா" என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டார்.

வயிற்றில் புண். டாக்டர் இரண்டு மருந்து கொடுத்திருந்தார். வெள்ளைத் தண்ணி மருந்து எரியும்போது மட்டும். கேப்சூல் தினமும் காலையில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால்; புண்ணை ஆற்றுவது அதுதான். அதை மறக்காமல் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை அம்மா ஒன்பது வயதான என்னிடம் ஒப்படைத்தார்.

மாமாவுக்கோ வெள்ளை மருந்துதான் மருந்து. புதினா வாசம், குடித்த கையோடு நெஞ்சு குளிரும். ஆட்களைப் போலவே மருந்தையும் கண்ணெதிரே வேலை செய்தால்தான் நம்புவார். "இத முழுங்கினா ஒன்னுமே தெரியல பிள்ள. சோம்பேறிப் பய" என்று ஒரு கேப்சூலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே கடுகைவிடச் சின்னதாக வெள்ளை மணிகள். விதையேதான்! எனக்கு வேறென்ன வேண்டும்? அவர் விழுங்காமல் என்னிடமே விட்டதைத் தினமும் ஒன்றாகப் பிரித்து, வீட்டுக்குப் பின்னால் பால் டின்னில் விதைத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றும் முளைக்கவில்லை. மாமா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்கு லீவு கிடைக்காததால், பள்ளி விடுமுறையில் இருந்த நான்தான் துணை. வலி குறையவே இல்லை என்று மாமா சொன்னதும் டாக்டரம்மா முகம் மாறியது.

"கேப்சூல் தெனமும் சாப்பிட்டீங்களா?"

மாமா தலையைச் சொறிந்தார். பாவம், திட்டு வாங்கப்போகிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான் தெனமும் எடுத்துக் குடுப்பேன் டாக்டர். ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றேன்.

"கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு, அவர் மாமாவிடம் திரும்பினார். "அப்படின்னா இந்த மருந்து கேக்கல. வேற மாத்தறதுக்கு முன்னால திரும்பவும் குழாய் விட்டுப் பாத்துடணும்."

மாமா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். பிறகு, "சரிங்க டாக்டர்" என்றார்.

அடுத்த வாரம் குழாய் விட்டார்கள். அழுதாரா என்று தெரியாது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. மறுநாளிலிருந்து விடிகாலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கக் கிளம்பும் முன் அவரே கை நீட்டிக் கேப்சூலை வாங்கி விழுங்கினார். மெல்ல மெல்லப் புண்ணும் ஆறியது.

மாமாவைத் திட்டிலிருந்து காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் பல நாள் தலைகால் புரியாமல் திரிந்தேன். டாக்டரம்மா எனக்குக் கொடுத்த கெட்டிக்காரிப் பட்டத்தைப் பறிக்க மனம் வராமல்தான் மாமா அந்தக் குழாயை இரண்டாம் முறை விழுங்கினார் என்பது அன்று எனக்குத் தெரியாது.