செத்தவீட்டு அறிவித்தலும் ஸ்பாமாம்

திருநெல்வேலிச் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, மரண அறிவித்தல்கள் போடும் இணையத்தளம் ஒன்றை நடத்துகிறேன். தொழிலைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு தங்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்ததும் எனக்குத்தான் போன் எடுப்பார்கள். அதனால் அந்தச் சிரிப்பை நான் பெரிதாக எடுப்பதில்லை.

வீட்டார் அனுப்பியதை அப்படியே தூக்கிப் போடுகிற பழக்கம் என்னிடம் இல்லை. தட்டச்சுச் செய்து முடித்ததும் செத்தவீட்டுக்குப் போன் எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை உரக்க வாசித்துக் காட்டுவேன். பின்னால் அழுகுரல் கேட்டுக்கொண்டிருக்கும். அதற்குள்ளும் யாராவது குறுக்கே வந்து, "மூத்த மருமகன்ரை பேர் முன்னுக்கு வரவேணும், மாத்துங்கோ" என்பார்கள். மாற்றுவேன். பிரேதம் எடுக்கிற நேரத்தை மட்டும் திரும்பவும் கேட்டு உறுதிப்படுத்துவேன். எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையடியில் கதறுவதோடு அவர்களுக்கு எல்லாம் முடிந்துவிடும். நேரத்தில் பிழை விட்டால் யாரோ ஒருத்தி கடைசி முகம் பாராமல் போய்விடுவாள்.

இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்த தளத்தைத்தான் தேடுபொறிக்காரர்கள் ஸ்பாம் என்றார்கள்.

ஒரு நாள் காலை மின்னஞ்சல் வந்தது. கொள்கையை மாற்றிவிட்டார்களாம். ஒரே வார்ப்பில் பக்கம் பக்கமாக உற்பத்தி செய்து தேடலை ஏமாற்றும் தளங்களில் என்னுடையதும் ஒன்றாம். அடுத்த கிழமையே தளம் வெறிச்சோடியது. செத்தவரின் பெயரையும் ஊரையும் சரியாக அடித்துத் தேடினாலும் என் பக்கம் வரவில்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இணையத்தள வேலை செய்யும் ஒருவரிடம் மடிக்கணினியைக் கொண்டு ஓடினேன்.

அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்கடை பக்கம் எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. பேரும் ஊரும் மட்டும்தான் மாறுது. உதைத்தான் அவங்கள் பிடிக்கிறாங்கள். ஒவ்வொண்டையும் வேற வேற மாதிரி எழுதுங்கோ."

எனக்குத் தலைக்கேறியது. மரண அறிவித்தல் ஒரே மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் அன்பு மனைவி, இன்னாரின் பாசமிகு தாயார், இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். இதுதான் எங்கள் முறை. மளிகைக் கடைக்காரர் செத்தாலும் பேராசிரியர் செத்தாலும் இதே சொற்கள்தான். எங்கோ குளிரூட்டிய அறையில் இருந்து சட்டம் எழுதுகிறவனுக்கு இது எங்கே விளங்கப் போகிறது?

ஆனாலும் வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஒரேயொரு தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். சுன்னாகத்து அம்மா ஒருவரைப் பற்றி, 'விடியற்காலையில் கிணற்றடியில் பாடிக்கொண்டே தண்ணீர் அள்ளியவர் இன்று இல்லை' என்று தொடங்கி, போனில் வாசித்துக் காட்டினேன்.

மறுமுனையில் இருந்த மகன் சொன்னார்: "அம்மா செத்துப் போனா எண்டு போடச் சொன்னால் நீங்கள் கதையெல்லே எழுதி வைச்சிருக்கிறியள். உது செத்தவீடு. ஒழுங்கா எல்லாரும் போடுற மாதிரிப் போடுங்கோ!"

வெட்கத்தோடு பழையபடியே போட்டேன். தேடுபொறிக்கு வேண்டியதைச் செய்தால் வீட்டார் ஏசுகிறார்கள். வீட்டாருக்கு வேண்டியதைச் செய்தால் தேடுபொறி புதைக்கிறது.

அந்தக் காலத்தில்தான் புதுத் தளம் ஒன்று முளைத்தது. எந்த நாட்டில் யார் நடத்துகிறார்கள் என்று இன்றுவரை தெரியாது. நான் போடும் அறிவித்தல்களைச் சுடச்சுடக் களவெடுத்து, இயந்திரத்தைக் கொண்டு சொற்களை மாற்றி, நடுநடுவே சூதாட்ட விளம்பரம் சொருகிப் போடுகிறார்கள். 'அன்னாரின் மறைவு செய்தி உலகை உலுக்கியுள்ளது' என்று எழுதுவார்கள். அளவெட்டியில் ஆடு வளர்த்த மனிசன் செத்ததற்கு எந்த உலகம் உலுங்கியது? ஆனால் அது ஒரே வார்ப்பு இல்லை அல்லவா? அதனால் தேடலில் அதுதான் முதலில் வரும். களவென்று முறைப்பாடு எழுதினேன். விதிமீறல் எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது. இயந்திரம் எழுதியதை இயந்திரமே விசாரித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும்.

இதுவரைக்கும் என் பிழைப்பில் மண் விழுந்த கோபம்தான். அளவெட்டியில் எனக்குக் கணக்குப் படிப்பித்த ரீச்சர் இறந்த அன்று அது வேறு கோபமாயிற்று.

அவரின் அறிவித்தலையும் நான்தான் போட்டேன். பிரேதம் எடுப்பது முற்பகல் பதினொரு மணி. சொன்னபடி எடுத்தார்கள். நானும் சுடலைக்குப் போய்விட்டு, ரீச்சர் வீட்டில் விட்டுப்போன மோட்டார் சைக்கிளை எடுக்கத் திரும்பி வந்தேன். பெண்கள் வீடு கழுவி முடித்திருந்தார்கள். முற்றம் முழுக்க ஈரம்.

அப்போது படலையில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. வெள்ளைச் சேலை கட்டிய வயதான அம்மா ஒருவர், கையில் தாளில் சுற்றிய மல்லிகைப் பூச் சரையோடு இறங்கினார். ஈர முற்றத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"எடுத்திட்டினமோ?"

"ஓம் அம்மா. பதினொரு மணிக்கே எடுத்தாச்சு."

"மூண்டு மணியெண்டெல்லே போட்டிருந்தது? நான் வெள்ளனவாத்தானே வந்தனான்."

கொடிகாமத்திலிருந்து பஸ்ஸில் வந்திருக்கிறார். ரீச்சரும் அவரும் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து எழும்பியவர்களாம். இடப்பெயர்வுகளில் தொடர்பு அறுந்துபோய்விட்டது. முதல்நாள் தேவாலயத்தில் யாரோ செய்தி சொல்ல, மருமகள் போனில் தேடி நேரம் பார்த்துக் கொடுத்திருக்கிறார். போனை வாங்கிப் பார்த்தேன். அதே களவுத் தளம். நான் திருத்திப் போட்ட ரீச்சரின் படம். அதன் கீழே, இயந்திரம் தன் பாட்டுக்குக் கற்பனை பண்ணி எழுதிய மூன்று மணி.

அது நானில்லை என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும் என்ற ஆத்திரத்தில், என் தளத்தைத் திறந்து நீட்டினேன். "இஞ்சை பாருங்கோ அம்மா, நான் பதினொரு மணியெண்டு சரியாத்தான் போட்டனான்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு வரி விடாமல் வாசித்தார். போனைத் திருப்பி என் கையில் தந்தார்.

"சரியாத்தான் போட்டிருக்கிறியள் தம்பி. பிறகேன் போன் இதை எனக்குக் காட்டேல்லை?"

கெட்ட வார்த்தைகள் எல்லாம் வாய்வரைக்கும் வந்தன. அவற்றைக் கேட்கவேண்டியவன் அந்த முற்றத்தில் இருக்கவில்லை.